கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கியவர்

ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல மிஸ்ஸுக்குத் தெரியாது. "லொறி வந்திட்டுதா மிஸ்?" என்று கேட்டால் வந்த லொறி எது, வராத லொறி எது, வராததற்கு என்ன காரணம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துத்தான் அந்தம்மா மூச்சு விடுவார். போர் நடந்துகொண்டிருந்தது, கொழும்பில் தமிழர்கள் எல்லோரும் பதிலைச் சுருக்கப் பழகியிருந்த காலம் அது. பெயர் என்ன, ஊர் எது, எங்கே தங்குகிறாய், எதற்கு வந்தாய் என்று சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் வாய் திறந்தோம். ரயில் கோச்சியில் பக்கத்து இருக்கைக்காரர் நேரம் கேட்டால் நான் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுவேன். பேசினால் யாழ்ப்பாணம் வெளியே வந்துவிடும்.

நாங்கள் வேலை செய்தது ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்டில். நான் கிளார்க். அவர், பற்றறியில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் கொன்ட்ரோலர்களைத் திருத்தும் என்ஜினியர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். நாற்பதைத் தாண்டியிருப்பார். கலியாணம் கட்டவில்லை, தம்பி குடும்பத்தோடு இருந்தார். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் மிஸ்தான்.

அவருடைய திருத்தும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தூண் நின்றது. எந்தச் சாமானையும் எடுக்க முன் அந்தத் தூணைத் தொடுவார். தேத்தண்ணி கொண்டுவரும் சிங்களப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "நோனா கும்பிடுகிறீர்களா?" என்று கேட்டாளாம். வேறொருவர் சிரித்துவிட்டு விட்டிருப்பார். மிஸ் அவளை இருத்தி வைத்து விளக்கினார். நம்முடைய உடம்பில் மின்சாரம் சேர்கிறது. உடுப்பு உரசினாலும் சேரும். நமக்கு அது தெரியாது, ஆனால் இந்தக் கறுப்புச் சாமானுக்குள்ளே கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, அதைப் பொத்துவிடும். ஆகவே தூணைத் தொட்டு உடம்பில் இருப்பதை நிலத்துக்கு அனுப்பிவிடுகிறேன். அதற்காகத்தான் நைலோன் உடுப்பதில்லை, பருத்திக் கவுன் மட்டும் என்பதையும் சொன்னார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண்ணும் மேசைக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் தூணைத் தொட்டாள்.

அந்தக் கறுப்புச் சாமானின் பெயர் மொஸ்ஃபெட். நகத்தளவு சதுரம், அடியில் மூன்று கால். கடையிலிருந்து வாங்கி வரும்போது அவற்றை சிகரெட் பெட்டியில் வரும் வெள்ளித்தாளில் சுற்றி வைத்திருப்பார். மூன்று காலும் வெள்ளித்தாளில் ஒன்றாகப் படிந்திருந்தால் ஆபத்தில்லை என்பார்.

எதையும் முழுதாக விளக்கும் இந்தக் குணத்தால் ஒரு குடும்பம் பிழைத்தது. சரத் என்ற டிரைவர் ஓட்டிய வண்டி ஒரு பின்னேரம் தன்பாட்டில் பாய்ந்து, அடுக்கியிருந்த தேயிலைப் பெட்டிகளுக்குள் புகுந்துவிட்டது. சரத், தான் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகுதான் வண்டி ஓடியது என்று அழுதான். ஒருவரும் நம்பவில்லை. குடித்திருப்பான் என்றார்கள். மனேஜர் மிஸ்ஸைக் கூப்பிட்டு, "பிழை அவனுடையதா, மெஷினுடையதா? ஒரு சொல்லில் சொல்லுங்கள், எனக்கு நேரமில்லை" என்றார்.

"ஒரு சொல்லில சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, சேர்" என்று சிங்களத்தில் சொல்லி, கொன்ட்ரோலரைக் கழற்றி மனேஜரின் மேசையிலேயே வைத்தார். பெடலை மிதித்தால் மோட்டாருக்கு மின்சாரம் நேரே போவதில்லை. இந்த மொஸ்ஃபெட்டுகள்தான் நடுவில் நிற்கும் சுவிட்சுகள், ஒரு கணத்தில் ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்துக்கு வழி திறந்து மூடும். திறந்திருக்கும் நேரம் கூடினால் வண்டி வேகமாக ஓடும், குறைந்தால் மெல்ல ஓடும். "ஒரு பல்ப் செத்தா இருட்டாகும். இது அப்படியில்ல. இது சாகும்போது பெரும்பாலும் திறந்தபடியே சாகும். உள்ளுக்குள்ள எல்லாம் உருகி ஒண்ணாயிடும். அப்ப காலை எடுத்தாலும் வண்டி முழு வேகத்தில போவும்." அப்படி நடந்தால் மின்சாரத்தை வெட்டவென்று ஒரு காந்தச் சுவிட்ச் இருந்தது. அதன் முனைகளும் தேய்ந்து உருகி ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டிக் காட்டினார். மனேஜர் இரண்டு தொலைபேசி அழைப்புகளை எடுக்காமல் விட்டார். சரத்தின் வேலை தப்பியது.

அன்று மிஸ்ஸின் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. "பாத்தீங்களா? முழுசாச் சொன்னா மனுசனுக்கு வெளங்கும். வெளங்கினா கோவம் போயிடும்." அதை அவர் உண்மையாகவே நம்பினார்.

நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். என் அறையில் இன்னொருவர் இருந்தார். நேசன் என்று கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்தவர். மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு, வெளிநாடு போக ஏஜென்சிக்காரனை நம்பி மாதக்கணக்காக லொட்ஜில் காத்திருந்தார். வெளியே போனால் பொலிஸ் பிடித்துவிடும் என்ற பயத்தில் கட்டிலே கதியாகக் கிடப்பார். "சும்மா இருந்து இருந்து மூளை துருப்பிடிக்குது" என்பார்.

மின்வெட்டுக் காலம். லொட்ஜ் முதலாளி பற்றறியில் வேலை செய்யும் இன்வேர்ட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அது ஒருநாள் புகை விட்டு நின்றுவிட்டது. என்னிடம் மிஸ்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர், கூட்டிவரச் சொன்னார். மிஸ் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முதலாளியிடம், பற்றறி இறங்கினால் கத்தி எச்சரித்து, தானாகவே நிறுத்துகிற பாகத்தின் வயரை யார் கழற்றியது என்று கேட்டார். முதலாளி அசடு வழிந்தார். "அது சும்மா கீ கீ எண்டு கத்துது, மிஸ். கழட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் லைற் எரியுது."

எல்லோரும் அதோடு போயிருப்போம். நேசன்தான் வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்து, "அதுக்கும் இது எரிஞ்சதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

மிஸ் அவரைத் திரும்பிப் பார்த்த விதத்தை நான் கவனித்தேன். பசித்தவர் சோற்றைப் பார்ப்பதுபோல இருந்தது. பெட்டிக்குள் இருந்த மொஸ்ஃபெட் ஒன்றைக் கழற்றிக் காட்டினார்.

"இதுக்கு மூணு கால். ஒண்ணால கரண்ட் வரும், ஒண்ணால போவும். ஆனா நடுவில வழி இல்ல. மூணாவது காலுக்குப் பேர் கேற், வாசல் கதவு மாதிரி. கேற்றுக்குக் கீழ கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல். அதைத் தாண்டி கரண்ட் போகவே போகாது."

"போகாட்டி அதால என்ன பிரயோசனம்?"

"அதுதான் விசயம். கரண்ட் போகத் தேவையில்ல. கேற்றில வோல்ட்டேஜ் வச்சாப் போதும். தோலுக்கு அந்தப் பக்கம் சிலிக்கனில சிதறிக் கிடக்கிற எலெக்ட்ரோன் எல்லாம் இழுபட்டு வந்து தோலோட ஒட்டி நிக்கும். அப்படி வரிசையா நின்னா அதுவே வழியாயிடும். அந்த வழியால எவ்வளவு பெரிய கரண்டும் போவும். பழைய ட்ரான்சிஸ்டருக்கு வேலை செய்ற நேரம் முழுக்கக் கரண்ட் ஊட்டிக்கிட்டே இருக்கணும். இதுக்கு ஒரு தரம் நிரப்பினாச் சரி."

"பிறகு வோல்ட்டேஜைக் கழட்டினால் நிண்டிடுமோ?"

"நல்ல கேள்வி" என்று மிஸ் கதிரையை முன்னால் இழுத்தார். "சும்மா கழட்டினா நிக்காது. உள்ள போன சார்ஜ் எங்க போகும்? வெளியேற வழி இல்ல, அங்கேயே நிக்கும். சுவிட்ச் திறந்தபடியே இருக்கும். நிப்பாட்டணும்னா அந்தச் சார்ஜை வெளியில எடுக்கிறதுக்கு நாமதான் வழி வைக்கணும்."

நேசன் யோசித்தார். "அப்ப பற்றறி இறங்கினா... கேற்றுக்குப் போற வோல்ட்டேஜும் குறையும். எலெக்ட்ரோன் முழுசா வந்து சேராது. வழி அரைவாசிதான் திறக்கும்."

"அரைவாசி திறந்தா?"

"நெருக்குப்படும். சூடாகும். அதுதான் எரிஞ்சது!"

மிஸ் கைதட்டினார். அவ்வளவு சந்தோசமாக அவரை யார்டில்கூட நான் பார்த்ததில்லை. லிஃப்ட், கிரேன் போன்றவற்றுக்கு இதைவிடப் பெரிய வகை ஒன்று இருக்கிறது, அதன் கேற் இதேபோல, உடம்பு மட்டும் பழைய ட்ரான்சிஸ்டர்போல என்று அதையும் சொன்னார். எனக்கு எதுவும் ஏறவில்லை. நான் பேப்பர் வாசித்தேன். எரிந்த மொஸ்ஃபெட் ஒன்றை நேசன் கேட்டு வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டார். அதன் பிறகும் மிஸ் வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் லொட்ஜுக்கு வந்து, நேசன் சேர்த்து வைத்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்.

சில மாதங்கள் கழித்து, மத்தியானம், புறக்கோட்டையில் சாமான் வாங்கிக்கொண்டு மிஸ் பஸ்ஸில் யார்டுக்கு வந்துகொண்டிருந்தார். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி அவருடைய கைப்பையைத் திறந்தாள். வெள்ளித்தாள் பொட்டலம். அதற்குள் மூன்று கால் முளைத்த கறுப்புச் சதுரங்கள்.

"மே மொனவாத?" என்றாள். இவை என்ன?

"வேலைச் சாமான்" என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டியிருந்தால் போதும். மிஸ்ஸின் சிங்களம் கொழும்புச் சிங்களம், சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவர் விளக்கினார். இது ஒரு சுவிட்ச். ஆனால் அசையும் பாகம் எதுவும் இல்லை, சத்தமும் வராது. ஒரு சின்னப் பற்றறி போதும், அதைக்கொண்டு எவ்வளவு பெரியதையும் இயக்கலாம். தொடக்கூடத் தேவையில்லை. அந்தப் பொலிஸ் பெண்ணின் முகம் மாறியதை அவர் கவனிக்கவில்லை. விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாராம். இதைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார்.

அவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விசாரித்த அதிகாரி ஆர்வத்தோடு கேட்டார். மிஸ்ஸுக்கு அது பிடித்திருந்தது. கதிரை கொடுத்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் கேற்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அதிகாரி நன்றாக விளங்கிவிட்டது என்று தலையாட்டினார். பிறகு, "இவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்கள். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

மிஸ் யோசித்து யோசித்துச் சொன்னார். தேத்தண்ணிப் பெண். மனேஜர். காவலாளி. பஸ் கண்டக்டர். யார்டு கிளார்க்கான நான். வெள்ளவத்தை லொட்ஜில் நேசன். ஒருவரையும் விடவில்லை. நேசனுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாக விளங்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் காலை லொட்ஜுக்கு வந்து என்னையும் நேசனையும் கூட்டிப்போனார்கள். என்னை ஒரு வாங்கில் இருத்தி வைத்து, பின்னேரம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அந்தச் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அடித்தார்கள். மூன்று கால் இருக்கும் என்றேன். அதற்கு மேல் உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம், "இவனுக்கு மண்டையில் ஒன்றுமில்லை" என்றார். என்னை விட்டுவிட்டார்கள்.

நேசன் சொல்லிவிட்டார். தெரிந்ததைச் சொன்னால் விடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். கண்ணாடித் தோல், ஒட்டி நிற்கும் எலெக்ட்ரோன், வெளியேற வழியில்லாத சார்ஜ், எல்லாம் மிஸ் சொன்ன அதே உவமைகளோடு. இரண்டு பேருடைய வாக்குமூலமும் சொல்லுக்குச் சொல் பொருந்தியது. பயிற்சி கொடுத்தவள், பயிற்சி பெற்றவன். ஜன்னல் விளிம்பில் இருந்த எரிந்த துண்டு தடயப்பொருள் ஆகியது.

சில வாரங்களில் மிஸ்ஸை விட்டார்கள். மனேஜர் நேரில் போய்ப் பேசியிருந்தார். நேசனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? வேலை இல்லை, ஊர் யாழ்ப்பாணம், இருப்பிடம் லொட்ஜ்.

மிஸ் மெலிந்து யார்டுக்கு வந்தார். வந்ததும் நடந்தது முழுவதையும் எனக்கு ஒன்றுவிடாமல் சொன்னார். "யாருக்கெல்லாம் சொன்னேன்னு கேட்டாங்க. மறைக்க என்ன இருக்கு? எல்லாப் பேரையும் சொன்னேன். மறைச்சாத்தானே சந்தேகம் வரும்?"

"நேசனை இன்னும் விடேல்லை, மிஸ்" என்றேன்.

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். மேசை முன்னாலேயே இருந்தது. வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மீது கோபம் இருந்தது. அவருடைய வாயால் நானும் அடி வாங்கியிருந்தேன்.  ஆனாலும் அந்தக் கோப்பையை நானே வாங்கி மேசையில் வைத்தேன்.

அதன் பிறகு மிஸ்ஸின் நாட்கள் எல்லாம் நேசனுக்காகவே போயின. சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோவார். வக்கீல் பிடித்தார். விடுதலையான தடுப்புக் கைதி ஒருத்தி, இன்னொரு கைதியைத் தேடிப் போவது எவ்வளவு ஆபத்து என்று தம்பி சத்தம் போட்டும் கேட்கவில்லை. குண்டு செய்யப் பழகினார் என்ற வழக்கு தவணை தவணையாக ஒரு வருசத்துக்கு மேல் இழுபட்டது. மிஸ் சாட்சி சொன்னால் நல்லது என்றார் வக்கீல். ஆனால் ஒரு நிபந்தனை. "கேட்டதுக்கு ஓம், இல்லை. அதுக்கு மேல ஒரு சொல் சொன்னாலும் அரச தரப்பு வக்கீல் அதில தொங்குவார்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யார்டில் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். நான் அரச தரப்பு வக்கீல்.

"இது என்ன?"

"சுவிட்ச். ஆனா சாதாரண சுவிட்ச் மாதிரி..."

"ஆனா வேண்டாம், மிஸ்."

"சுவிட்ச்."

"கூண்டில் நிற்கும் எதிரிக்கு நீர் இதைக் கற்பித்தீரா?"

"கற்பிக்கல. அவர் கேட்டார், நான் அதுக்கு..."

"மிஸ்!"

அவர் சோற்றுப் பார்சலை மூடிவிடுவார். "முழுசாச் சொல்லாட்டி அது பொய் மாதிரி இருக்கு" என்றார் ஒருநாள். நாக்கைக் கட்டுவது அவருக்கு அவ்வளவு பாடாக இருந்தது. வாரக்கணக்காகப் பழகினோம். மெல்ல மெல்ல அவருக்கு அது பிடிபட்டது. அதைப் பார்த்து நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் மிஸ் சாட்சிக் கூண்டில் ஏறினார். எரிந்த துண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் காட்டினார்கள். அரச தரப்பு வக்கீல் கேட்ட எல்லாவற்றுக்கும் "ஒவ்", "நே" என்று, அதாவது ஆம், இல்லை என்று, சிங்களத்தில் ஒற்றைச் சொல்லாகவே பதில் வந்தது. கடைசியாக, "இதைக்கொண்டு குண்டு வெடிக்க வைக்கலாமா?" என்று கேட்டார்.

மிஸ் உறைக்குள் இருந்ததைப் பார்த்தார். எங்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் சுவிட்சாலும் அது முடியும், எந்தச் சுவிட்சாலும் முடியும் என்று அவர் சொல்லிவிடுவார் என நான் பயந்தேன். எங்கள் வக்கீலும் பயந்தது தெரிந்தது. காட்டிய துண்டு எரிந்து செத்தது. அதைக்கொண்டு ஒரு சின்னப் பல்பைக்கூட எரித்து அணைக்க முடியாது. அதுவும் உண்மைதான்.

"நே" என்றார்.

இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கையும் அது சாதாரண மின்சாதனப் பாகம் என்றே சொன்னது. நேசனை விடுவித்தார்கள்.

வெளியே விறாந்தையில் அவருடைய மனைவி நின்றாள். தரைவழி மூடியிருந்ததால், பயண அனுமதிப் பாஸ் எடுத்து, கப்பல் ஏறி, கொழும்புக்கு வந்து சேர அவளுக்கு அவ்வளவு காலம் சென்றிருந்தது. கையில் நேசனின் உடுப்புகள் வைத்த ஒரு பை. நேசனுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. நான் கூப்பிட்டபோது வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார். மிஸ்ஸைக் கண்டு கும்பிட்டார். ஆனால் கிட்ட வரவில்லை.

அவள்தான் மிஸ்ஸிடம் வந்தாள்.

"அக்கா, உங்களில கோவம் இருந்தது. நான் பொய் சொல்லேல்லை. இப்ப இல்லை, நீங்கள் பட்ட பாட்டை இவர் எழுதினவர். ஒண்டு மட்டும் கேக்கிறன். இவருக்கு நீங்கள் என்னத்தைச் சொல்லிக் குடுத்தனீங்கள்? இவரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிறார். எனக்குப் படிப்புக் குறைவு, எண்டாலும் விளங்கிற மாதிரிச் சொன்னால் விளங்கும். எதுக்காக இவ்வளவும் நடந்ததெண்டு நான் அறியவேணும்."

மிஸ் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது. நான் காத்திருந்தேன். ஒரு பொலிஸ்காரர் கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அவர் விறாந்தை முடக்கில் மறையும்வரை மிஸ் வாய் திறக்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு சுவிட்ச்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவள் நம்பவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று சற்று நேரம் மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புருசனின் கேட்கிற காதுப் பக்கமாகப் போய், "வாங்கோ, போவம்" என்றாள்.